கோடு போட்ட துணியும் முப்பத்திரண்டு கட்டங்களும்

துணியில் காணும் அலங்காரங்களுள் மிகவும் எளியது எது என்று வினவினால், சற்றும் யோசியாமல் கோடு என்று சொல்லிவிடலாம். மிகவும் கடினமானது எது என்று வினவினாலும், என் அபிப்பிராயத்தில், விடை அதுவேதான். பூவும் கொடியும் மாங்காயும் நெருங்கிக் கிடக்கும் துணியில் ஓரிடத்தில் கை பிசகிப்போனால், அந்தப் பிசகையும் ஓர் இலையாகவோ மொட்டாகவோ எண்ணிக்கொண்டு கண் அப்பால் சென்றுவிடும். ஆனால் வெறும் கோடுகளே ஆபரணமாக உள்ள துணியில், ஓர் இழை மிகுந்தாலும் குறைந்தாலும், ஒரு பட்டையின் அகலம் மற்றொன்றின் அகலத்தோடு ஒவ்வாமற் போனாலும், பார்க்கிறவனுடைய பார்வை வேறெதையும் காணாமல் அந்தக் குறையிலேயே போய் நின்றுவிடுகிறது. தறிக்குப் பாவு ஓட்டுகிறவர்கள் பரம்பரையாக அறிந்திருக்கும் இந்த உண்மையை, தறியையே கண்டிராத இக்காலத்துப் பிள்ளைகள் பலர், கையடக்கமான ஒரு விளையாட்டுக் கருவியின் திரையில், எந்தத் தேசப்படத்திலும் இல்லாத ஒரு தீவில், முள்ளெலிகள் நடத்தும் ஒரு துணிக்கடையின் பொருட்டுக் கோடு வரைய முயலும்போது தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள் என்பது விநோதமான செய்தியே.

வீடியோ கேம் என்றவுடன் துப்பாக்கியும் கார்ப் பந்தயமும் நினைவுக்கு வருவது இயற்கை. ஆயினும் அந்தக் குடும்பத்திலேயே, வெல்லுவதற்கு எதிரியோ முடிப்பதற்கு யுத்தமோ இல்லாமல், வீடு கட்டுவது, தோட்டம் போடுவது, அண்டை அயலாரோடு பேசுவது, உடுத்துவது ஆகிய அன்றாட அலுவல்களையே விளையாட்டாக்கிக்கொண்ட ஒரு தனிக் கிளை உண்டு. வாழ்க்கையைப் பாவனை செய்யும் விளையாட்டுகள் என்று அவற்றைச் சொல்லலாம். அமெரிக்கரான வில் ரைட் என்பவர், 1991 இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்துக் குன்றுகளில் பரவிய பெருந்தீயில் தம் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, அதன் பின் ஒவ்வொரு பொருளாக மீண்டும் சேர்க்க நேர்ந்த அநுபவத்திலிருந்து முளைத்தெழுந்த 'தி சிம்ஸ்' என்னும் விளையாட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், சிபா என்னும் தம் சொந்த ஊரையும் உற்றாரையும் விட்டு உத்தியோகத்தின் நிமித்தமாகக் கியோத்தோவுக்குக் குடிபெயர்ந்த கட்சுயா எகுச்சி என்பவருடைய தனிமை உணர்ச்சியை மூலதனமாகக் கொண்டு, மிருகங்கள் குடியிருக்கும் ஒரு கிராமத்தைப் படைத்தது. ஒரு கிளைக்கு வித்து தீயில் அழிந்த வீடு. மற்றொன்றுக்கு வித்து பிரிந்து வந்த வீடு. இரண்டிலும் ஆடுகிறவர்கள் தம் இல்லத்தை அலங்கரிப்பதில் அவ்வளவு ஊக்கம் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த காரணம் தேடவேண்டியதில்லை.

அந்த ஜப்பானியக் கிராமத்தின் வழித்தோன்றல்களுள் மிகுந்த கீர்த்தி பெற்றது, 2020 மார்ச் 20 அன்று வெளிவந்த 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்'. அயா கியோகோகு என்னும் பெண்மணி இயக்க, ஹிசாஷி நோகாமி தயாரித்த இந்த விளையாட்டு, கொரோனா நோயால் உலகமே கதவடைத்துக்கொண்டிருந்த வாரங்களில் கடைக்கு வந்தபடியால், வெளியே செல்ல இயலாத கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரு தீவாந்தர வாசத்தை அளித்தது. இதுவரை 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. டாம் நுக் என்னும் வியாபாரியிடம் கடன்பட்டு ஒரு கூடாரத்தோடு வாழ்க்கையைத் தொடங்கும் ஆட்டக்காரன், மீன் பிடித்தும் பழம் பறித்தும் 'பெல்' என்னும் நாணயம் சேர்த்து, கூடாரத்தை வீடாக்கி, தீவை ஊராக்குகிறான். அவ்வூரில் நமக்கு இப்போது வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ஏபிள் சகோதரிகளின் துணிக்கடை.

மேபல், சேபல் என்னும் இரண்டு முள்ளெலிச் சகோதரிகள் நடத்தும் இந்தக் கடை காலை 9 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடப்படுகிறது. இங்கே மணி என்பது மெய்யான மணி. நம் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் தீவின் கடிகாரமும் ஒன்றாகவே ஓடுகின்றன. கடையில் தொங்கும் சரக்கு நாளுக்கு நாள் மாறும். ஆகவே கோடு போட்ட சட்டைதான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அது வந்து சேரும் வரையில் தினந்தோறும் எட்டிப்பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கவனியாத ஒரு சௌகரியம் மட்டும் உண்டு. வெளியே ஒரே ஒரு நிறத்தில் தொங்கும் உடுப்பை, உடை மாற்றும் அறைக்குள் சென்று பார்த்தால், அதே உடுப்பின் மற்ற நிறங்களும் அங்கே காணக் கிடைக்கும். வெளியில் பச்சைக் கோடாக இருந்தது உள்ளே நீலக் கோடாகவும் இருக்கக்கூடும். கருவியின் கடிகாரத்தைத் திருகி நாட்களைத் தாண்டிக் குதித்து, ஒரே மாலையில் ஒரு மாதச் சரக்கைப் பார்த்துவிடுகிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். அது குற்றம் அல்ல. ஆனால் காத்திருப்பதையே சுவையாக வைத்துக் கட்டிய விளையாட்டில் காத்திருப்பதை நீக்கிவிட்டால் எஞ்சுவது மிகச் சொற்பம் என்பது என் எண்ணம்.

சகோதரிகளுள் மேபல் வருகிறவரை வாயார வரவேற்கும் சுபாவம் உடையவள். கடையின் மூலையில் தையல் இயந்திரத்தின் முன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சேபலோ, முதலில் ஒரு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். அவளிடம் பயன் கருதாமல் நாள்தோறும் சென்று ஒரு வார்த்தை பேசி வருகிறவனுக்கு, நாட்கள் கழிந்தபின், அவள் சங்கோசம் விட்டுத் தன் பழைய கதைகளைச் சொல்லத் தொடங்குகிறாள். அதற்கும் பின்னர், தன்னிடமுள்ள துணி வடிவங்களைத் தொகுதி தொகுதியாக அன்பளிப்பாகக் கொடுக்கிறாள். இந்த வடிவங்களைப் பணம் கொடுத்து வாங்க வழியில்லை. வியாபார நூல் படித்த ஒருவர் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்க மாட்டார்.

சேபல் தந்த வடிவங்களைச் சட்டையில் அல்ல, மரச்சாமான்களிலேயே உபயோகிக்க முடியும். டிம்மி, டாமி என்னும் இரட்டையர் கடையில் ஒன்று 600 பெல் விலைக்குக் கிடைக்கும் கஸ்டம் கிட் என்ற பொருளை வாங்கிக்கொண்டு, தச்சு மேசையருகே சென்று, இடம் கொடுக்கும் சாமான் எதுவோ அதைத் தெரிந்தெடுத்தால், அதன் துணிப்பகுதிக்கு அவள் தந்த வடிவத்தையோ தாமே வரைந்த வடிவத்தையோ ஏற்றிவிடலாம். எல்லாச் சாமான்களும் இதற்கு இடம் கொடுப்பதில்லை என்பதே குறை. 2021 நவம்பரில் வந்த பெரிய திருத்தத்துக்குப் பின், ஹார்வ் என்பவனுடைய தீவில் சைரஸ் என்னும் கைவினைஞனிடம் கட்டணம் கொடுத்து, தச்சு மேசை மறுத்துவிட்ட பல பொருள்களின் நிறத்தையும் மாற்றிக்கொள்ள முடிந்தது.

இவ்வளவும் பிறர் செய்து வைத்ததில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் காரியமே. முன்னே சொன்ன 'தி சிம்ஸ்' வரிசையில், 2009 இல் வந்த மூன்றாம் பாகம் இந்தத் தெரிந்தெடுப்பை எல்லையற்ற அளவுக்கு விஸ்தரித்தது: சோபாவின் உறை, சுவர், தரை, மேலாடை ஆகிய எதன்மீதும் எந்த வடிவத்தையும் போர்த்தி, நிறச் சக்கரத்தைச் சுழற்றி, அதன் ஒவ்வொரு வர்ணத்தையும் மாற்றிக்கொள்ளலாம். 2014 இல் நான்காம் பாகம் வந்தபோது அந்த வசதி அகற்றப்பட்டுவிட்டது. தயாராக வைத்த சில நிறங்களுக்குள் தேர்ந்துகொள்ளுமாறு ஆட்டக்காரர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். அவ்வருத்தம் அவர்களுக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் சிம்ஸ் தந்த கோடு, வேறொருவர் நெய்த கோடு. நாம் செய்வதெல்லாம் சாயம் மாற்றுவதே. கோட்டின் அகலத்தை நிச்சயிக்கும் பொறுப்பையும் நம் தலையில் கட்டிவிடுவது நின்டெண்டோவின் தீவு. அங்கேதான் விஷயம் ரஸமாகிறது.

தீவில் ஒவ்வொருவர் கையிலும் உள்ள நுக்போனில் வடிவம் வரைவதற்கென ஒரு பகுதி உண்டு. அதைத் திறந்தால் குறுக்கே 32, நெடுக்கே 32, ஆக 1,024 சிறு கட்டங்கள் கொண்ட ஒரு வெற்றுச் சதுரம் தோன்றும். அதில் நிரப்புவதற்கு ஒரு தடவைக்கு 15 நிறங்களும், நிறமே இல்லாத ஒரு வெறுமையும் கைவசம் இருக்கும். அந்த 15 நிறங்களையும் நம் இஷ்டம்போல் அமைத்துக்கொள்ள மூன்று சாவிகள் தரப்பட்டிருக்கின்றன: இன்ன வர்ணம் என்று காட்டுவதற்கு 30 படிகள், அதன் செறிவுக்கு 15 படிகள், ஒளிக்கு 15 படிகள். பெருக்கிப் பார்த்தால் 6,750 சேர்க்கைகள். எண்ணிக்கையைக் கேட்டு மயங்கவேண்டாம். கோடு போடுகிறவனுக்கு இரண்டு நிறம் போதும், மூன்று தாராளம்.

இந்தச் சதுரத்தைத் தரையில் பதித்து, அதையே அடுத்த இடத்திலும் அதற்கடுத்த இடத்திலும் பதித்துக்கொண்டு போனால் ஒரு நடைபாதையோ விரிப்போ உண்டாகும். இங்கே முதல் சங்கடம் ஏற்படுகிறது. வெள்ளை 4 கட்டம், நீலம் 2 கட்டம் என்று மாறி மாறி வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 6. அது ஐந்து முறை திரும்பி வந்தால் 30. மீதி 2 கட்டம் வெள்ளையாக நிற்கும். அடுத்த சதுரம் மறுபடியும் 4 கட்ட வெள்ளையோடு தொடங்குவதால், இரண்டு சதுரங்களும் சேருமிடத்தில் 6 கட்ட அகலமுள்ள ஒரு தடித்த வெள்ளைப் பட்டை விழுந்துவிடும். ஒன்றைப் பார்க்கும்போது குறையே தெரியாது. பத்தைப் பரப்பிப் பார்க்கும்போது, தப்பான அந்தப் பட்டையே ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்து, வடிவத்தின் பிரதான லட்சணம் தானே என்பதுபோல் காட்சி தரும். ஆகவே ஒரு முறை வந்து திரும்பும் கோடுகளின் மொத்த அகலம் 32 ஐ மீதியின்றி வகுக்கவேண்டும்; அதாவது 2, 4, 8, 16 ஆகியவற்றுள் ஒன்றாகவோ, முழு 32 ஆகவோ இருக்கவேண்டும். பாவில் இத்தனை இழை வெள்ளை, இத்தனை இழை நீலம், இப்படி இத்தனை முறை என்று கணக்கிட்டு, துணியின் அகலம் முடியுமிடத்தில் கோடும் சரியாக முடியும்படி அமைத்துக்கொள்ளும் நெசவாளியின் கணக்கும் இதுவேயன்றி வேறன்று.

எட்டுக்குள் அடங்கும் கோடுகளில் 4 க்கு 4 என்பது சிறைக்கைதியின் உடுப்பைப்போல் விறைப்பாக நிற்கும். 7 க்கு 1 என்பது வரவுசெலவுப் புத்தகத்தின் தாளை ஞாபகப்படுத்தும். 5 க்கு 3 என்பதே கண்ணுக்கு இதமானது. எது பின்னணி, எது கோடு என்பது ஐயமின்றித் தெரியும், ஆனால் ஒன்றை ஒன்று அமுக்குவதில்லை. இது ரசனையைப் பொறுத்த விஷயமாதலால், மாறுபடுகிறவர்கள் மாறுபடட்டும்.

ஒரு சரித்திர உதாரணத்தைக் கொண்டு இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம். மாலுமிச் சட்டை என்று உலகெங்கும் பெயர்பெற்ற கோட்டு உடுப்பு, 1858 இல் பிரெஞ்சுக் கடற்படை பிறப்பித்த ஆணையின் வாயிலாகச் சட்டபூர்வமான உருவம் அடைந்தது. அதன் உடற்பகுதியில் 21 வெள்ளைப் பட்டைகள் இருக்கவேண்டும், ஒவ்வொன்றும் இடையே வரும் நீலக் கோட்டைப்போல் இருமடங்கு அகலம் கொள்ளவேண்டும் என்று அவ்வாணை விதித்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கோட்டுத் துணி இழிந்தவர்களின் அடையாளமாகக் கருதப்பட்டு வந்ததை மிஷேல் பாஸ்தூரோ என்னும் பிரெஞ்சுச் சரித்திராசிரியர் 1991 இல் ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட கோட்டைச் சர்க்கார் தன் சேவகர்களுக்கு அளந்து கொடுத்தது காலத்தின் கோலம்தான். இருக்கட்டும். இரண்டுக்கு ஒன்று என்றால் மொத்தம் 3. இருமடங்காக்கினால் 6, நான்கு மடங்காக்கினால் 12. இவற்றுள் எதுவும் 32 ஐ வகுக்காது. எனவே ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்பப் பதித்துப் பிரெஞ்சு மாலுமியின் கோட்டைத் தீவின் தரையில் பிழையின்றி விரிப்பது கணித சாஸ்திரத்தின்படி அசாத்தியம். 11 க்கு 5 என்று பதினாறுக்குள் அமைத்தால் ஏறக்குறைய அந்தச் சாயல் கிடைக்கும், அவ்வளவே.

ஆனால் சட்டையாகத் தைப்பதில் இந்தத் தடை இல்லை. தீவின் மற்றொரு நாணயமான நுக் மைலில் 800 கொடுத்துப் பெறும் புரோ எடிட்டர் என்னும் வரையும் வசதியில், முன்புறம், பின்புறம், இரண்டு கைகள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரையலாம். முன்புறத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வேறெதனோடும் ஒட்டவேண்டியதில்லையாகையால், குறுக்குக் கோடுகளில் மீதி விழுந்தாலும் நஷ்டமில்லை. அதற்குப் பதிலாக வேறொரு ஜாக்கிரதை வேண்டும். முன்புறத்தில் நீலக் கோடு எந்த வரிசையில் ஓடுகிறதோ, பின்புறத்திலும் அதே வரிசையில் ஓடினாலன்றி, விலாவில் இரண்டும் சந்திக்கும்போது கோடு படி இறங்கியதுபோல் முறியும். நல்ல தையற்காரர் தைத்த கோட்டுச் சட்டையையும் அவசரக்காரர் தைத்ததையும் பிரித்தறிய இன்றும் பார்க்கும் இடம் அதுதானே.

தீவுக்குக் கொடி அமைக்கும்போதும் இந்த 32 குறுக்கே வந்து நிற்கும். மூவர்ணக் கொடியை மூன்று சம பாகமாக்க முடியாது. 11, 10, 11 என்றோ 10, 12, 10 என்றோதான் பிரிக்கலாம். நம் தேசக் கொடியைப் போடுகிறவர்களுக்கு இரண்டாவதே உசிதம், நடுவில் சக்கரத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டுமே. சாய்ந்த கோடுகளோ, பார்வைக்குக் கஷ்டமானவையாகத் தோன்றினாலும், செய்கைக்குச் சுலபமானவை: ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் தள்ளித் தொடங்கி, மேற்சொன்ன வகுத்தல் விதியையும் காப்பாற்றினால், நான்கு பக்கமும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். வரையும்போது படிக்கட்டாகத் தெரிகிற ஓரங்களை, பொருளின்மேல் ஏற்றும்போது விளையாட்டே மழுக்கி இழைத்துவிடுவதால், சாய்கோடு அங்கே எதிர்பாராத நயம் பெறுகிறது.

இவ்வாறு ஒரு முறை சரியாக அமைந்த கோட்டை வீணாக்கவேண்டியதில்லை. கட்டத்தில் நாம் இடுவது நிறம் அன்று, இன்ன கிண்ணத்து வர்ணம் என்ற குறிப்பே. ஆகையால் கிண்ணத்தில் உள்ள வர்ணத்தை மாற்றினால் அதைத் தொட்ட கட்டங்கள் எல்லாம் ஒருங்கே மாறிவிடும். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, நீலம் இருந்த கிண்ணத்தில் காவியை ஊற்றினால் ஒரு நொடியில் மற்றொரு துணி. கார்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று ஒரே கணக்கில் பல துணிகளைப் படைத்து அடுக்கிவிடலாம்.

ஜப்பானிய நெசவாளர்கள் இந்த வேலையை முன்பே வேறொரு வகையில் செய்திருக்கிறார்கள். ஷிமா-சோ என்று பெயர்பெற்ற குறிப்பேடுகளில், தாம் நெய்த அல்லது கண்ட கோட்டுத் துணிகளின் சிறு துண்டுகளை வரிசையாக ஒட்டி, பின்னால் நெய்யும்போது எடுத்துப் பார்ப்பது எடோ காலத்திலிருந்து அவர்களுடைய வழக்கமாக இருந்தது. எடோ காலம் 1603 முதல் 1868 வரை நீடித்தது. அக்காலத்தில்தான் நெடுக்குக் கோடு போட்ட பருத்தித் துணி அந்நாட்டு நகரவாசிகளைப் பெரிதும் வசீகரித்தது. அந்த வசீகரத்தின் ஒரு வேர் நம் பக்கத்திலிருந்து போயிற்று என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். முதலில் போர்த்துகீசியரும், 1639 இல் அவர்கள் வெளியேற்றப்பட்டபின் நாகசாகியில் தங்க அநுமதி பெற்ற டச்சுக்காரர்களும் கப்பலேற்றிச் சென்ற சோழமண்டலக் கரையின் மெல்லிய கோட்டுத் துணிகளை, ஜப்பானியர் 'சான்தோமே' கோடு என்று அழைத்தனர். அந்தச் சான்தோமே, மயிலாப்பூரை அடுத்த நம் சாந்தோமே அன்றி வேறன்று. கடல் கடந்து வந்த அத்துணியைப் பார்த்து ஜப்பானியத் தறிகளும் அவ்வாறே நெய்யக் கற்றன; பிற்காலத்தில் கவாகோஎ என்னும் ஊர் அவ்வகைத் துணிக்குப் பேர்பெற்றது. அக்காலத்துக்குப் பெயர் தந்த எடோ நகரத்தின் ரசனையை ஆராய்ந்து 1930 இல் நூல் எழுதிய குகி ஷூஸோ என்னும் தத்துவப் பேராசிரியர், அந்த ரசனைக்கு மிகவும் உகந்த வடிவம் நெடுக்குக் கோடே என்று தீர்மானித்தார். ஏபிள் சகோதரிகளின் கடையை வரைந்த கலைஞர்கள் இதையெல்லாம் மனத்தில் கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோட்டைக் கணக்கிட்டு ஏட்டில் சேர்த்துவைக்கும் ஒரு நாட்டிலிருந்து, கோட்டைக் கணக்கிட்டுச் சேர்த்துவைக்கும் ஒரு விளையாட்டு வந்திருக்கிறது, அதை மட்டும் கவனிக்கிறேன்.

வரைந்ததைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளவும் வழி உண்டு. ஏபிள் கடையின் பின்புறத்தில் உள்ள ஒரு சாதனத்தின் மூலம், நின்டெண்டோவின் இணையச் சந்தா உள்ளவர்கள் தம் வடிவங்களை வெளியிடலாம், பிறருடையவற்றை அவற்றின் சங்கேத எண்ணைக் கொண்டு பெற்றுக்கொள்ளலாம். 2020 இல் மார்க் ஜேகப்ஸ், வாலெண்டினோ முதலிய பெரிய உடைக் கம்பெனிகள் தங்கள் உடுப்புகளை இவ்வழியே இலவசமாக வழங்கின. லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகம் தன் ஓவியங்களை 32 கட்டத்துக்குள் சுருக்கித் தரும் ஒரு கருவியையே அமைத்துக் கொடுத்தது. ஓவியத்தை அப்படிச் சுருக்கினால் ஓவியன் கண்கலங்குவான். கோட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

இவ்வாறு பெற்ற பிறர் வடிவத்தை உடுத்தலாம், விரிக்கலாம்; ஆனால் அதில் ஒரு கட்டத்தைக்கூடத் திருத்த இயலாது. ஒருவர் போட்ட நீலம் நமக்குச் சற்றே கனமாகத் தோன்றினாலும் அப்படியே ஏற்கவேண்டியதுதான். எனவே இந்த விளையாட்டை ஆடுகிற இளைஞர்களுக்கும், அவர்கள் அருகே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பெரியவர்களுக்கும் நான் சொல்வது இது: பூவையும் புலியையும் வேண்டுமானால் கைதேர்ந்தவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டை மட்டும் நீங்களே போடுங்கள். முதலில் 5 க்கு 3 என்று தொடங்கிப் பாருங்கள்.